தறிக்கூடத்தில் ஒரு பந்தயக் கார்: ஆனி முதல் மாசி வரை

கோவை பக்கத்துச் சோமனூரில் எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, கட்டிய தறிக்கூடத்தில் ஒரு காலத்தில் 12 விசைத்தறிகள் ஓடின. இப்போது ஓடுவது நான்கு. மற்ற எட்டும் பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டன. அந்தப் பக்கத்துத் தரையில் தறிக்கால் போல்ட்டுகளின் துளைகள் மட்டும் வரிசையாக மிஞ்சின. அங்கேதான் நானும் மச்சானும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைக் கட்டிவருகிறோம். இன்ஜின் மோட்டார் சைக்கிளுடையது. எட்டு மாதத்தில் நடந்ததை, குறிப்பாக ஆயில் விஷயத்தில் பட்ட பாட்டை, எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர் யாருக்காவது ஒரு இன்ஜின் மிஞ்சினால் போதும்.

பைக் இன்ஜின் எதற்கு என்று ஊரில் கேட்காதவர் இல்லை. கார் இன்ஜினுக்கு கியர்பாக்ஸ் தனி. பைக் இன்ஜினில் கிளட்சும் ஆறு கியரும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. கியர் வரிசையாக விழும். எடை குறைவு, இருவர் தூக்கி மேசைமேல் வைத்துவிடலாம். இது புதிய யோசனையும் இல்லை. 1946-இல் இங்கிலாந்தில் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் இரண்டு பழைய ஃபியட் கார்களின் முன்பாகங்களை ஒட்டி, பின்னால் 500 சிசி மோட்டார் சைக்கிள் இன்ஜினை வைத்து, செயினால் சக்கரத்தை ஓட்டினார்கள். செயின் போட வசதி என்பதற்காகத்தான் இன்ஜின் பின்னால் போனது. 1959-இல் ஜாக் பிராபம் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றது, பின்னால் இன்ஜின் வைத்த கூப்பர் காரில். நம் பக்கத்தில் கார்ப் பந்தய வீரர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கோவையிலேயே கட்டினார். செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்கு இன்று அவர் பெயர்தான். அந்தத் தடத்தின் வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது.

ஆனி மாதம் இன்ஜின் வந்தது. விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய கேடிஎம் 390 டியூக், 2015 மாடல். 373 சிசி, ஒற்றை சிலிண்டர், 43 குதிரைத்திறன். 2015 மாடலைத் தேடி வாங்கியதற்குக் காரணம் உண்டு. 2017 முதல் வந்தவற்றில் த்ராட்டிலை மின்சாரம் திறக்கிறது. பழையதில் கேபிள்தான், கால் மிதியிலிருந்து கேபிளை இழுத்துக் கட்டினால் வேலை முடிந்தது. ஆர்.சி. புத்தகமும் விற்றவரின் கையெழுத்தும் இல்லாமல் இன்ஜினைத் தொடவே கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொன்னார். அவர் சொன்னது சரி.

ஸ்டீயரிங் ரேக், முன் ஹப், 12 அங்குலச் சக்கரம் எல்லாம் பழைய மாருதி 800-இலிருந்து, கோவை உக்கடம் பக்கம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து எடுத்தவை.

சட்டகத்தை மாணவர் ஃபார்முலா போட்டிகளின் (கல்லூரி மாணவர்கள் தாங்களே கார் கட்டி ஓட்டும் போட்டிகள்) விதிப்புத்தகத்தைப் பார்த்து வரைந்தோம். நாங்கள் அந்தப் போட்டிக்குப் போகப்போவதில்லை. ஆனாலும் ஓட்டுபவரின் உயிரைக் காக்க எழுதப்பட்ட விதி எல்லோருக்கும் பொது. தலைக்குப் பின்னால் வரும் பெரிய வளையமான பின்வளையத்துக்கு 25.4 மிமீ வெளிவிட்டம், 2.5 மிமீ கனம் உள்ள தையலில்லாக் குழாய். ஸ்டீயரிங் பக்கம் நிற்கும் முன்வளையத்தின் உச்சிக்கும் பின்வளைய உச்சிக்கும் ஒரு நூல் கட்டினால், தலைக்கவசம் அந்த நூலுக்குக் குறைந்தது 50 மிமீ கீழே இருக்க வேண்டும். மச்சான் என்னைவிட உயரம், அவனை உட்காரவைத்து அளந்ததில் 31 மிமீதான் இருந்தது. வளையத்தை வெட்டிப் புதிதாக வளைத்தோம். ஒரு வாரமும் ஒரு முழுக் குழாயும் போயின. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

நூல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டகம் நேராக இருக்கிறதா, சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் எங்களிடம் இல்லை. பாவு நூலை இரு பக்கமும் விறைப்பாகக் கட்டி, சக்கர விளிம்பிலிருந்து நூலுக்குள்ள தூரத்தை இரும்பு அளவுகோலால் அளந்தோம். நல்ல வெளிச்சத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூடக் கண்ணுக்குத் தெரிகிறது. அறுந்தால் முடிந்துகொள்ளவும் வீட்டில் ஆள் உண்டு.

ஆடியில் வெல்டிங் தொடங்கியதுதான் பிழை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்பது தெரிந்ததுதான், ஆனால் வெல்டிங்கோடு சேர்த்து யோசிக்கவில்லை. டிக் வெல்டிங்கில் உருகிய இரும்பை ஆர்கான் வாயு போர்த்திக் காக்க வேண்டும். காற்று அந்த வாயுவை ஊதித் தள்ளிவிட்டது. வெள்ளியாக மின்ன வேண்டிய தையல் கறுத்து, ஊசியால் குத்தியதுபோலச் சிறு சிறு ஓட்டைகளோடு வந்தது. முதல் நாளில் போட்ட ஒன்பது இணைப்புகளையும் அறுத்தெடுத்தோம். நான் அவசரத்தில் ஜன்னலுக்குக் காடாத் துணியைத் திரையாகக் கட்டப்போக, வெல்டர் அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். "தம்பி, மேலே பாருங்கள்" என்றார். உத்தரத்திலும் ஓட்டுச் சட்டத்திலும் நாற்பது வருடத்துப் பஞ்சுத் தூசி சடைசடையாகத் தொங்கியது. கிரைண்டர் பொறி ஒன்று பட்டால் கூடமே போயிருக்கும். இரண்டு நாள் அதை அடித்து வாரி, தரையை ஈரமாக்கி, ஜன்னலுக்குத் தகரம் அடித்த பிறகுதான் வேலையைத் தொடர்ந்தோம். தறிக்கூடத்தில் யார் வெல்டிங் செய்தாலும் முதலில் கூரையைப் பாருங்கள்.

புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதமும் ஆயிலோடு போயின.

பைக் வளைவில் சாய்கிறது. தண்ணீர்ச் சொம்பைக் கயிற்றில் கட்டிச் சுழற்றினால் சிந்தாதல்லவா, அதே கணக்கு. வண்டியும் சாய்ந்து இன்ஜினும் சாய்வதால், ஆயிலுக்குத் தன் அடித்தளம் எப்போதும் அடியிலேயே இருக்கிறது. கார் சாய்வதில்லை. வளைவில் ஆயில் மொத்தமும் ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடும். பம்பு உறிஞ்சும் இடத்தில் காற்றுதான் இருக்கும். நிமிடத்துக்கு 9,000 சுற்றில் ஓடும் இன்ஜினுக்குச் சில விநாடி ஆயில் போகாவிட்டால் பேரிங் தேய்ந்து பிடித்துக்கொள்ளும். புவியீர்ப்புக்குச் சமமான பக்க விசை வந்தால் ஆயிலின் மேற்பரப்பு 45 பாகை சரியும்.

இந்த 45 பாகைதான் வழி காட்டியது. ஓடுகிற காரில் இன்ஜினைப் பணயம் வைத்துப் பார்ப்பதைவிட, நிற்கிற இன்ஜினைச் சாய்த்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஆங்கிள் இரும்பில் கீல் வைத்த ஒரு மேசை செய்தோம். இன்ஜினை அதில் பூட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்த ஸ்விட்ச் இருந்த துளையில் சிறிய அளவு காட்டும் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினோம். ஸ்டார்ட்டர் மோட்டாரால் பத்து விநாடி சுற்றுவது, மோட்டார் ஆற இரண்டு நிமிடம் விடுவது.

சமமாக நின்றபோது முள் ஏறி நின்றது. இடப்பக்கம் 45 பாகை சாய்த்தோம். முள் கொஞ்சம் ஆடியது, விழவில்லை. வலப்பக்கம் சாய்த்தபோது நான்காவது விநாடியில் முள் நடுங்கியது. ஐந்தில் பூச்சியத்தில் படுத்துவிட்டது. ஸ்டார்ட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நான் பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். இருவரும் சற்று நேரம் பேசவில்லை. இதே இன்ஜினை அப்படியே காரில் வைத்துத் தடத்துக்குப் போயிருந்தால் முதல் நீண்ட வளைவிலேயே அதைப் பறிகொடுத்திருப்போம்.

ஆயிலைக் குறிக்கு மேல் 200 மில்லி கூட ஊற்றிப் பார்த்தோம். எட்டு விநாடி தாங்கியது. ஆனால் அதிகமாக ஊற்றினால் கிராங்க் அடித்து ஆயில் நுரைக்கும், மூச்சுக் குழாய் வழியாக வெளியே தள்ளும். அதை மட்டும் நம்ப மனம் ஒப்பவில்லை.

வழி வந்தது தண்ணீர் லாரியிலிருந்து. எதிர்வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். பாதித் தொட்டித் தண்ணீர் ஓட்டத்தில் அலைமோதி வண்டியையே ஆட்டும் என்பதால், தொட்டிக்குள் குறுக்கே துளைத் தகடுகள் வைத்திருப்பார்கள். அதையே உள்ளங்கை அளவில் செய்ய வேண்டும். பல கார் இன்ஜின்களில் அடியில் ஆயில் தட்டு தனியாகக் கழன்று வரும். இந்த இன்ஜினில் அது கிடையாது. உறை இடம் வலமாக இரண்டாகப் பிரியும். எனவே முழு இன்ஜினையும் பிரித்தோம். 1.6 மிமீ அலுமினியத் தகட்டில், உறிஞ்சும் வலையைச் சுற்றிச் சுவரும் மேலே ஒரு மூடியும், அடியோரத்தில் ஆறு சிறு துளைகளும். ஆயில் துளை வழியே மெல்ல உள்ளே வரும், மெல்லத்தான் வெளியேறும். ஒருவழிக் கதவு வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று மச்சான் சொன்னான். கதவின் ஊசி ஒருநாள் கழன்றால் அது விழும் இடம் கியர்களுக்கு நடுவே என்பதால் நான் சம்மதிக்கவில்லை. வெல்டிங்கும் வேண்டாம் என்றார் லேத் மாஸ்டர். சூட்டில் உறை முறுக்கிக்கொண்டால் பேரிங் உட்காரும் குழி கெட்டுவிடும். திருகு போட்டு, பூட்டுப் பசை வைத்து, தலையை பஞ்ச் உளியால் குத்தி இறுக்கினோம்.

மூடிப் பூட்டி, மறுபடி மேசையில் ஏற்றி, வலப்பக்கம் 45 பாகை. நான்கு. ஐந்து. எட்டு. பத்து. முள் நின்ற இடத்தில் நின்றது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் நின்றது. அன்று இரவு அம்மா கூடத்துக்கே சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

கார்த்திகையில் இன்ஜின் சட்டகத்தில் ஏறியது. செயின் 520 அளவு, கோவையிலேயே செய்யப்படும் ரோலான். செயின் அறுந்தால் பாய்வது ஓட்டுபவரின் முதுகுக்கு என்பதால், அதன் அகலத்தைப்போல மூன்று மடங்கு அகலத்தில் 3 மிமீ இரும்புத் தகடு மேலே. முன் ஸ்பிராக்கெட்டில் 15 பல்லுக்குப் பதில் 14 போட்டோம், பின்னால் அதே 45. கணக்குப்படி 9,000 சுற்றில் மணிக்கு 120 கிலோமீட்டர் வரும். சிறிய தடத்துக்கு அது போதும், ஓட்டுபவரோடு 318 கிலோ எடையைக் கிளப்பவும் உதவும்.

முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது ஊரே எட்டிப் பார்த்தது. கியர் போட்டதும் அணைந்தது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி கியர், மறுபடி அணைந்தது. மூன்று நாள் வயரிங்கைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தோம். பைக்கில் சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டால் இன்ஜின் அணையும்படி ஒரு உணரி இருக்கிறது. எங்கள் காரில் ஸ்டாண்டே இல்லை, உணரியின் வயர் சும்மா தொங்கியது. ஸ்டாண்ட் மடங்கியிருக்கும்போது அது கொடுக்கும் சைகையை நிரந்தரமாகக் கொடுத்ததும் சரியானது. வண்டி கவிழ்ந்தால் அணைக்கும் உணரியை மட்டும் கழற்றவில்லை. பைக்கில் இருந்த அதே நிமிர்ந்த நிலையில் பூட்டினோம். அது காருக்கும் வேண்டும்.

மாசியில் காங்கேயத்துக்குக் கொண்டுபோனோம். பொதுச்சாலையில் ஓட்டக் கூடாத வண்டி என்பதால் ஈச்சர் லாரியில் ஏற்றித்தான் போனது. அங்கே மாமாவுக்குக் கொப்பரை காய வைக்கும் உலர்களம் இருக்கிறது, அகலமான சிமெண்டுத் தரை. காலை பத்து மணிக்குள் தரையைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். 15.25 மீட்டர் விட்டத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, அதைச் சுற்றி ஓட்டி நேரம் பார்த்தோம். முதலில் ஒரு சுற்றுக்கு 7.9 விநாடி, சக்கரம் வழுக்கியது. தரையைக் கையால் தடவினால் பிசுபிசுப்பு: கொப்பரை எண்ணெய். சலவைச் சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் மறுபடி ஓட்டினோம். 6.8 விநாடி. கணக்குப் போட்டால் புவியீர்ப்பில் ஏறக்குறைய 0.7 பங்கு பக்க விசை. சாதாரண சாலை டயருக்கு நல்ல எண்.

பின் அச்சு ஒரே தண்டு, இரு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் இல்லை. அந்த வட்டத்தில் ஒரு சுற்றுக்கு வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏழரை மீட்டர் கூடப் போக வேண்டும். போக முடியாததால் காரின் மூக்கு வட்டத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது, கை வலித்தது. அடுத்த வேலை அதுதான். ஒரு டிஃபரென்ஷியலை செயினுக்கு ஏற்ப மாற்றித் தர லேத் மாஸ்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஆயில் அழுத்தமானியை ஸ்டீயரிங்குக்கு நேர் பின்னால் வைத்திருந்தேன். மேசையில் முள் விழுந்த வலப்பக்கத்துக்கு ஆயிலைத் தள்ளுவது இடப்பக்கத் திருப்பம் என்பதால் அந்தத் திசையில்தான் அதிக நேரம் ஓட்டினேன், தொடர்ந்து பன்னிரண்டு சுற்று. கண் வட்டத்தில் பாதி, முள்ளில் பாதி. முள் ஒருமுறைகூட இறங்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு மாமா கை காட்டினார். கொப்பரை மூட்டைகளை இறக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். இந்த காருக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. நானும் மச்சானும் மூட்டைக்காரர்கள் இருவரும் சேர்ந்து அதைப் பின்னோக்கித் தள்ளி வண்டியில் ஏற்றினோம்.