கன்னியாவிலிருந்து போன கோப்பு

திருகோணமலையில் தண்ணீர் சோதிக்கிற ஆய்வுகூடமொன்றில் 12 வருடம் வேலை பார்த்தேன். பெரும்பாலும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். கன்னியாவுக்குப் போனது ஒரே ஒரு தரம், வெளிநாட்டு ஆய்வுக் குழுவொன்றுக்குத் துணையாக.

7 வெந்நீர்க் கிணறு, கிணற்றுக்கு ஒரு போத்தல். அந்தியேட்டிக்கு வந்திருந்த அம்மா ஒருவர், "தம்பி, தண்ணியை எங்க கொண்டு போறியள்?" என்றார். "சோதிக்கத்தான் அம்மா, வெளியில போகாது" என்றேன். பொய்யில்லை. போத்தல்கள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில்தான் இருந்தன.

போனது வேறு. கைபேசியளவுக் கருவியொன்றை அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள். நுண்ணுயிர்களின் டிஎன்ஏ வரிசையை அது வாசித்தது. வாசித்த வரிசை ஒரு கோப்பாக மின்னஞ்சலில் போனது. படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். எத்தனை மில்லிலீற்றர் என்று கேட்டிருந்த படிவத்தில், கோப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

உயிரின் பாகங்களைத் திட்டமிட்டுக் கட்டுகிற செயற்கை உயிரியலுக்கு அந்தக் கோப்பே போதும். வரிசையைக் கொடுத்தால் டிஎன்ஏ செய்து தரக் கம்பனிகள் இருக்கின்றன. அதை ஈஸ்டில் செருகி நொதியை எடுக்கலாம், கன்னியாப் பக்கம் திரும்பியே பார்க்காமல். 2002 இல் போலியோ வைரசையே வரிசையைப் பார்த்துக் கட்டினார்கள். அந்த ஆபத்தைப் பற்றிப் பேசப் பலர் உண்டு; என்னை உறுத்துவது, வருகிற லாபத்தில் ஊற்றுக்குரியவர்களுக்கு என்ன பங்கு என்ற கணக்கு.

அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றில் 1960களில் தோமஸ் புரொக் கண்டெடுத்த பக்டீரியாவின் நொதிதான், டிஎன்ஏயைப் பல மடங்காகப் பெருக்குகிற பிசிஆர் சோதனையை ஓட வைத்தது. 1991 இல் பிசிஆர் உரிமை 30 கோடி டொலருக்குக் கைமாறியது. பூங்காவுக்கு ஒரு சதமும் இல்லை. எங்கள் கன்னியா அவ்வளவு கொதிக்காது, அது வேறு கதை.

ஒரு நாட்டின் உயிர் வளத்தை எடுத்தால் பயனில் பங்கு தரச் சொல்கிற, 2010 இன் நகோயா நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தம் போத்தலை மனதில் வைத்து எழுதியது போலத்தான் எனக்குப் படுகிறது. வரிசைத் தகவலின் பயனிலும் பங்கு தரவேண்டும் என்று 2022 இல் மொன்ட்ரியலில் நாடுகள் ஒத்துக்கொண்டன. 2024 இல் காலியில் (கொலம்பியாவின் காலி, நம்முடையதல்ல) அதற்கு நிதியமும் வந்தது. ஆனால் கம்பனிகள் காசு போடுவது கட்டாயமில்லை.

"எல்லாத்தையும் பூட்டினா டெங்குச் சோதனைக்கு வேணுமான வைரஸ் வரிசைக்கு நாங்க எங்க போறது, சேர்?" என்று கூட வேலை செய்த தங்கச்சி கேட்டாள். சரியான கேள்வி. பூட்டச் சொல்லவில்லை, எங்கே போனது என்றாவது எழுதி வைக்கலாமே என்றேன்.

அப்புறம் இன்னொரு குழு வந்தது. படிவத்தில் மில்லிலீற்றருக்குக் கீழே பேனையால் கோடு கீறி, 'கோப்பு எங்கே போகிறது?' என்று எழுதிக் கொடுத்தேன். மற்றதெல்லாம் நிரப்பி, அந்தக் கோட்டை மட்டும் வெறுமையாக விட்டுத் திருப்பித் தந்தார்கள்.