கண் மருத்துவ ஃபெலோஷிப்: கையெழுத்துப் போடும் முன்

எம்எஸ், டிஎன்பி என்ற முதுநிலைக் கண் மருத்துவப் படிப்பை முடித்த கையோடு, ஒரு பிரிவில் மேற்பயிற்சி தரும் ஃபெலோஷிப் தேடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. காரணம் எளிது. அரசுக் கல்லூரிகள் பலவற்றில் எஸ்ஐசிஎஸ் (சிறு வெட்டில் கையால் செய்யும் கண்புரை அறுவை) கைக்கு வந்துவிடும். கண்புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் பேக்கோவில் கைவைக்க வாய்ப்புக் குறைவு. வேலை தரும் மருத்துவமனைகளோ பேக்கோவைத்தான் முதலில் கேட்கின்றன. அதனால் பேக்கோ-ரிஃப்ராக்டிவ் (கண்ணாடியைத் தவிர்க்கும் பார்வைத் திருத்த அறுவை) இடங்களுக்குத் தள்ளுமுள்ளு.

ரெட்டினாவுக்கும் (விழித்திரை) அப்படியே. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. அந்த நோய் விழித்திரையைப் பாதிக்கும், அதைப் பார்க்க ஆள் போதவில்லை. ஆனால் ரெட்டினா என்ற பெயரில் இரண்டு பயிற்சிகள் உண்டு. மெடிக்கல் ரெட்டினாவில் லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி, ஓசிடி என்ற விழித்திரை ஸ்கேன் வரைதான். விட்ரெக்டமி (கண்ணுக்குள் உள்ள ஜெல்லை அகற்றும் அறுவை) வேண்டுமானால் சர்ஜிக்கல், அது பெரும்பாலும் இரண்டு ஆண்டு. அறிவிப்பில் மொட்டையாக ‘ரெட்டினா’ என்றிருந்தால் எது என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), குழந்தைகள் கண் மருத்துவத்துக்கு அவ்வளவு போட்டியில்லை. பிடித்தவர்களுக்கு அது நல்ல செய்திதான்.

தேசிய வாரியத்தின் ஃபெலோஷிப்பான எஃப்என்பி விட்ரியோ-ரெட்டினாவுக்கு அந்த வாரியம் (என்பிஇஎம்எஸ்) நடத்தும் தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் போன்றவை தங்கள் ஃபெலோஷிப்புக்குத் தாங்களே ஆள் எடுக்கின்றன.

நேர்காணலில், செய்த அறுவைகளைக் குறித்துவைக்கும் லாக்புக்கைப் புரட்டுவார்கள். எண்ணிக்கையைக் கூட்டி எழுதியிருந்தால் ஒரே கேள்வியில் தெரிந்துவிடும்: ரெக்சிஸ் (லென்ஸ் உறையில் வட்டமாகக் கிழித்துத் திறப்பது) ஓரத்துக்கு ஓடினால் என்ன செய்வீர்கள்? விஸ்கோ என்ற ஜெல்லை நிரப்பி, மடலைப் பிரித்துப் படுக்கவைத்து, வந்த வழியே பின்னோக்கி இழுத்து மையத்துக்குத் திருப்புவேன் என்ற பதில் செய்தவர் வாயில்தான் தடுமாறாமல் வரும். ரெட்டினாவுக்கு ஒரு நோயாளியைக் காட்டி வரையச் சொல்லலாம். தலையில் மாட்டி விழித்திரை பார்க்கும் இண்டைரக்ட் கருவியில் பிம்பம் தலைகீழ். ஆகவே வரைபடத்தின் 12 மணியை நோயாளியின் கால் பக்கம் வைத்துக்கொண்டு, கண்டதைக் கண்டபடி வரைந்தால் போதும். பிரிந்த விழித்திரை நீலம், ஒட்டியிருப்பது சிவப்பு, கிழிசல் நீலக் கோட்டுக்குள் சிவப்பு. பதற்றத்தில் நிறம் மாறிப்போவது சகஜம்.

இடம் கிடைத்ததும் உதவித்தொகையைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். முதலில் கேட்க வேண்டியது இது: முழு கேஸ் (ஓர் அறுவையை முதலிலிருந்து கடைசிவரை செய்வது) எத்தனையாவது மாதத்திலிருந்து தருவீர்கள்? நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? நேர்காணல் நடத்துபவர் சொல்வதை, அங்கே கடைசி மாதங்களில் இருக்கும் ஃபெலோவிடம் தனியாகச் சரிபாருங்கள். ‘அசிஸ்ட் செய்தேன்’ என்பதும் ‘செய்தேன்’ என்பதும் வேறு வேறு. பேக்கோவில் முதலில் ஐஓஎல் (செயற்கை லென்ஸ்) பொருத்துவது, கார்டெக்ஸ் (லென்ஸின் மென்மையான வெளிப்பகுதி) உறிஞ்சுவது என்று கடைசிப் படிகளைத் தந்து, பிறகே ரெக்சிஸ், நியூக்ளியஸ் (லென்ஸின் கடினமான நடுப்பகுதி) என்று முன்னே கொண்டுபோகும் இடங்களில் கை சீராகத் தேறும்.

பாண்ட் பணி (படிப்புக்குப் பின் செய்வதாக ஒப்பந்தம் எழுதிய பணி) பாக்கியிருந்தால் ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரியிலேயே இருக்கும். சேரும் நாளில் ஒரிஜினல் கேட்பார்கள். வெளிமாநிலம் என்றால் அங்குள்ள மருத்துவக் கவுன்சில் பதிவும் வேண்டும், அதற்கு இங்குள்ள கவுன்சிலிலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று). நேர்காணலுக்கு விண்ணப்பிக்கும்போதே இரண்டையும் தொடங்கிவிடுங்கள்.