டக்லஸ் ஏரியில் இறங்குவதற்கு முன்

டெட்ராய்ட்டிலிருந்து வடக்கே நான்கு மணி நேரக் கார்ப் பயணத்தில் டக்லஸ் ஏரி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உயிரியல் ஆய்வு நிலையம் 1909 முதல் இதன் கரையில்தான் இயங்குகிறது. ஜூலையில் தண்ணீர் இதமாக இருக்கும். பிள்ளைகளை முழங்கால் ஆழத்தில் விளையாட விட்டுக் கரையில் உட்காரத் தோன்றும். அரிப்பு அதிகம் பிடிப்பதும் அந்த முழங்கால் தண்ணீரில்தான்.

இதை 'ஸ்விம்மர்ஸ் இட்ச்' என்கிறார்கள். ஏரி நத்தைகளிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணிதான் காரணம் என்று 1928-ல் எழுதியவர் இங்கே ஆய்வு செய்த வில்லியம் கோர்ட். மெர்கன்சர் போன்ற வாத்துகளின் எச்சத்தோடு அந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் தண்ணீரில் விழும். அவற்றிலிருந்து பொரியும் குஞ்சுப்புழு நத்தைக்குள் புகுந்து பெருகும். வெயில் ஏற ஏற, ஒரே நத்தையிலிருந்து நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் புழுக்கள் கிளம்பும். அவை தேடுவது வாத்தை. மனிதத் தோலில் நுழைந்தால் அங்கேயே செத்துவிடும். தடிப்பு, நம் உடம்பு அவற்றை எதிர்ப்பதால் வருவது. அதனால்தான் அடுத்தடுத்த முறை இன்னும் கடுமையாக வரும்.

பார்க்க ஆசையா? ஒரு நத்தையைக் கண்ணாடி டம்ளரில் ஏரித் தண்ணீரோடு வெளிச்சத்தில் வையுங்கள். பின்னால் கறுப்புத் துணி பிடித்து லென்ஸில் பார்த்தால், நுனி பிளந்த வாலோடு வெள்ளைத் துணுக்குகள் துடிக்கும். விரலை விடாதீர்கள். ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஏரி சுத்தம் என்று எண்ணவும் வேண்டாம். புழு உள்ள நத்தைகள் சிலவே.

புழுக்கள் நீர்ப்பரப்பை ஒட்டியே மிதக்கும். காற்று கரையை நோக்கி வீசினால் எல்லாம் கரையோரம் சேர்ந்துவிடும். அன்று அங்கே இறங்க வேண்டாம். படகுத்துறையின் முனையிலிருந்து ஆழத்தில் நீந்துவது மேல். ஏறியதும், வெயிலில் காயட்டும் என்று நிற்காமல், துண்டால் அழுத்தித் துடையுங்கள். சில நிமிடங்களிலேயே அவை தோலுக்குள் போய்விடும். பிறகு நல்ல தண்ணீரில் குளியுங்கள். வாத்துகள் கரைக்கு வந்து எச்சமிடும் என்பதால், அவற்றுக்கு ரொட்டி போடவே கூடாது.

முதலில் சுருசுருவென்று இருக்கும், பிறகு சிவப்புப் புள்ளிகள், சிறு கொப்புளங்கள். பெரும்பாலும் நீச்சலுடை மூடாத இடத்தில்தான் வரும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துப் பூசலாம். கலமைன் லோஷனும் கேட்கும். ஒரு வாரத்தில் அடங்கிவிடும். சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.