பிராக்டிகலில் டைமிங் செயின் டென்ஷனர் வந்தால்

ஐடிஐயில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் படிக்கிற பலரும் கணினியில் எழுதும் தியரித் தேர்வை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அதில் 33 சதவீதம் எடுத்தால் பாஸ். பிராக்டிகலில் 60 சதவீதம் வேண்டும், கிரேஸ் மார்க்கும் கிடையாது. எனக்கு வந்த ஜாப், டைமிங் செயின் டென்ஷனரைக் கழற்றிச் சோதித்துத் திரும்ப மாட்டுவது. கிராங்க்கையும் வால்வைத் திறக்கும் கேமையும் இணைத்து ஓடுவது டைமிங் செயின், அது தொய்யாமல் தள்ளிப் பிடிப்பது டென்ஷனர். எக்ஸாமினர் எங்கெங்கே கண் வைப்பார் என்பதை அடுத்து எழுதப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

முன் கவரை எடுத்ததும் ஸ்பேனரோடு பாயாதீர்கள். கிராங்க்கை என்ஜின் சுழலும் திசையிலேயே திருப்பி, முதல் சிலிண்டரை டிடிசிக்குக் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கொண்டுவந்து, ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) இருக்கிற மார்க்குகளைப் பாருங்கள். அப்புறம் குனிந்து, டென்ஷனரின் பிளஞ்சர் (கைடைத் தள்ளும் தண்டு) எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பாருங்கள். செயின் நீள நீள, பிளஞ்சர் ஒவ்வொரு பல்லாக வெளியே வரும். திரும்ப உள்ளே போகாமல் ராட்செட் பிடித்துக்கொள்ளும். கடைசிப் பல் வரைக்கும் வந்துவிட்டது என்றால் செயினோ கைடோ (செயின் உரசி ஓடும் பட்டை) தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே டென்ஷனரை மட்டும் புதிதாகப் போடுவது காசுக்குப் பிடித்த கேடு. செயின், கைடு, ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். "கோளாறு செயினிலா டென்ஷனரிலா, எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வு) கேட்டார்கள். கழற்றும் முன்பே பிளஞ்சரைப் பார்த்து வைத்திருந்ததால் பதில் சொல்ல முடிந்தது.

மாட்டும்போது, மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் ராட்செட் நெம்புகோலைத் தூக்கிக்கொண்டு பிளஞ்சரை மெதுவாக அழுத்த வேண்டும். உள்ளே இருக்கிற ஆயில் கசிந்து வெளியேற நேரம் பிடிக்கும், அவசரப்பட்டால் முரண்டு பிடிக்கும். டென்ஷனரின் லாக் துளைகள் இரண்டும் நேருக்கு நேர் வந்ததும் பின் ஒன்றைச் செருகி லாக் செய்யுங்கள். ஸ்பெஷல் டூல் எல்லா லேபிலும் இருக்காது, 1.5 மில்லிமீட்டர் ஆலன் கீயோ சைக்கிள் ஸ்போக் துண்டோ போதும். போல்ட்டுகள் பெரும்பாலும் எம்6, அவை இறங்குவது அலுமினியத்தில். சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும். மேனுவல் அளவைப் பார்த்து டார்க் ரெஞ்ச் வையுங்கள். கைக்கணக்கில் முறுக்கினால் மரை போய்விடும். செயின், கைடு எல்லாம் உட்கார்ந்த பிறகு கடைசியாகப் பின்னை உருவ வேண்டும். உருவியதும் பிளஞ்சர் 'டக்'கென்று கைடைத் தள்ளும் சத்தம் கேட்க வேண்டும். பின்னை உருவ மறந்து கவரைப் போடுகிறவர்கள் உண்டு, எக்ஸாமினர்கள் அதைப் பார்க்கவே காத்திருப்பார்கள்.

அடுத்து கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க்குகளைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். இங்கேதான் பலர் பதறுகிறார்கள். ஸ்ப்ராக்கெட் மார்க் எல்லாம் சரியாக நிற்கும், ஆனால் செயினில் இருக்கிற கலர் லிங்க்குகள் எங்கோ போயிருக்கும். தப்பில்லை. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 18 பல் என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றில் செயின் 36 லிங்க் நகர்ந்துவிடும். கலர் லிங்க் பழைய இடத்துக்கு வர இன்னும் பல சுற்று ஆகும். அது மாட்டும் நேரத்துக்கான அடையாளம் மட்டுமே. இது தெரியாமல் திரும்பக் கழற்றினால் நேரமும் போச்சு, மார்க்கும் போச்சு. சுற்றும்போது எங்காவது இடித்து நின்றால் பலம் கொடுக்காதீர்கள், வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. எதிர்த்திசையிலும் திருப்பாதீர்கள். டென்ஷனர் நிற்பது தொய்வான பக்கத்தில். எதிர்ப்பக்கம் இழுத்தால் தொய்வு இடம் மாறி, செயின் பல் தாண்ட வாய்ப்பு உண்டு.

கவருக்கு அனபாண்ட் (கசிவைத் தடுக்கும் பசை) பூசுவதில் தாராளம் வேண்டாம். உள்பக்கம் பிதுங்கினது உதிர்ந்து, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் விழும், ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். ஆயில் அழுத்தத்தில் ஓடுகிற டென்ஷனருக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை.

வைவாவில் 'அப்கிரேடு' பற்றியும் கேட்கிறார்கள். இதற்கு நல்ல உதாரணம் 1996இல் வந்த ஜாகுவாரின் வி8 என்ஜின். இன்டேக், எக்ஸாஸ்ட் கேம்களுக்கு நடுவே ஓடும் சின்னச் செயினின் டென்ஷனருக்கு ஆரம்பத்தில் பிளாஸ்டிக் உடல். சூட்டிலும் வயதிலும் அது விரிசல் விட்டது. பின்னால் வந்த வடிவத்தில் உடல் உலோகமானது, பழைய வண்டிக்காரர்களும் அதையே வாங்கி மாட்டினார்கள். இதைச் சொன்னால், "புது மாடல் பார்ட் வந்தால் முதலில் என்ன பார்ப்பாய்?" என்று அடுத்த கேள்வி வரும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, போல்ட் துளை, ஆயில் துளை, பிளஞ்சரின் தலை கைடைத் தொடும் இடம், இந்த மூன்றையும் ஒப்பிடுவேன் என்று சொல்லுங்கள். ஆயில் துளை பொருந்தாவிட்டால் டென்ஷனருக்கு ஆயிலே வராது என்பதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.