மான் மூக்குக்கு முன்னால் கரிச் சட்டை

என் மேல் எப்போதும் வெல்ல வாசனை அடிக்கும். கேரள மலைப்பக்கம் மறையூரில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பும் ஒரு ஆலைக் கொட்டகையும் இருக்கின்றன. சக்கையை அடுப்பில் தள்ளித் தள்ளி, கொப்பரைப் பக்கம் நின்று நின்று, புகையும் பாகும் சட்டையில் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் "ஆலைக்காரரா?" என்று கேட்காமல் விடமாட்டார். இப்படிப்பட்ட ஆளுக்கு மான் படம் எடுக்கிற கிறுக்கு பிடித்தால் என்ன ஆகும்? மூன்று வருடமாக வால்களைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

போன கார்த்திகையில் சித்தப்பா பையன் அமெரிக்காவிலிருந்து வந்தான். மிச்சிகன் மாநிலத்தில் வேலை. அங்கே நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கி மான் வேட்டைக்காலம்; லைசென்ஸ் வாங்கிக்கொண்டு பாதி ஆபீஸ் காட்டுக்குப் போய்விடுமாம். அவனோடு வேலை பார்க்கிறவர் பழைய வேட்டைச் சட்டை ஒன்றையும் பேண்ட் ஒன்றையும் கொடுத்து அனுப்பியிருந்தார். வெளியே இலை தழை அச்சிட்ட துணி, உள்ளே கரித்தூள் ஒட்டிய உள்துணி. மனித வாடையை அது உறிஞ்சிவிடும், மான் கண்டுபிடிக்காது என்பது சங்கதி.

நம் ஊரில் வேட்டை என்ற பேச்சே கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். சந்தனக் காட்டு வேலிக்குள் கேமராவோடு நுழைந்தால்கூட என்ன ஆகும் என்று மறையூரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நான் உட்காருவது எங்கள் பட்டா நிலத்தில், மாமா ராத்திரிக் காவலுக்குப் போட்ட பரணில். கட்டைக் கரும்பு துளிர்க்கிற நேரத்தில் விடிகாலையில் புள்ளிமான் கூட்டம் ஓடையைத் தாண்டி வரும். எப்போதாவது ஒரு மிளா. சுடுகிறவனுக்கும் படம் எடுக்கிறவனுக்கும் மான் மூக்கு ஒன்றுதானே, சட்டையைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன்.

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை. அக்கா பையனுக்குச் சட்டை பேண்ட் இரண்டையும் மாட்டி, கரும்புக்குள் ஒளிந்துகொள்ளச் சொல்லி, எங்கள் நாயை அவிழ்த்துவிட்டேன். அது ஒரு தடவை மூக்கைத் தூக்கியது, நேராகப் போனது, பையன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "மாமா, மூஞ்சிக்கு மூடி இல்லையே" என்றான் அவன். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அந்த வார்த்தை நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் இதையே முறையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். தேடுதலுக்குப் பழக்கிய நாய்களை வைத்து, கரிச் சட்டை போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒளியவைத்துத் தேடவிட்ட ஆய்வு 2002ல் வெளியானது. கண்டுபிடிக்க எடுத்த நேரத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. நாயாவது மோப்பத்துக்கென்று பழக்கியது, மான் அப்படியா என்று நானும் நினைத்தேன். பிறகுதான் ஒரு கணக்கு கண்ணில் பட்டது. வாசனை பிடிக்கிற மரபணுக்களில் வேலை செய்கிறவை மனிதனுக்குச் சுமார் 400, நாய்க்குச் சுமார் 800, மாட்டுக்கு ஆயிரத்துக்கும் மேல். மான் மாட்டுக்குத்தான் சொந்தம், நாய்க்கு இல்லை. போதாததற்கு மூக்கை நக்கி நக்கி ஈரமாகவே வைத்துக்கொள்ளும். ஈரத்தில் வாசனை நன்றாக ஒட்டும்.

கரி வேலை செய்யாது என்றும் சொல்லிவிட முடியாது. காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்குகிறார்களே, அந்தக் கரியைக் கடுஞ்சூட்டில் நீராவி விட்டுப் பதப்படுத்தினால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் 500 சதுர மீட்டருக்கு மேல் வரும். வாடைத் துகள்கள் அந்த ஓட்டைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வடிகட்டியில் இருப்பதும் இதுதான். தொல்லை என்னவென்றால் ஓட்டை நிறைந்துவிட்டால் கரி வெறும் கரிதான். திரும்பத் திறக்கப் பல நூறு டிகிரி சூடு வேண்டும். வீட்டுத் துணி உலர்த்தும் மிஷினில் 60, 70 டிகிரி வந்தால் பெரிது. உலர்த்தினால் புதுசாகிவிடும் என்று விளம்பரம் செய்ததை எதிர்த்து மினசோட்டா வேட்டைக்காரர்கள் சிலர் 2007ல் கோர்ட்டுக்கே போனார்கள். வாடையை அடியோடு நீக்கும் என்று சொன்னது பொய் என்று 2010ல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் அது அப்படியே நிற்கவில்லை, வழக்கு இழுத்தது. குறைக்கும் என்பதற்கும் நீக்கும் என்பதற்கும் நடுவில் வக்கீல்களுக்குப் பிழைப்பு இருக்கிறது. எனக்கு வந்த சட்டை எத்தனை வருடம் எவர் வியர்வையைக் குடித்ததோ.

மார்கழி முதல் வாரம் ஆரம்பித்தேன். சோப்பை நிறுத்தினேன். துணியை ஆப்பச் சோடா போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். "ஏனுங்க, கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு குளிக்கலையே" என்று வீட்டில் கேலி. தைலப்புல்லைக் கசக்கி டப்பாவில் போட்டால் காட்டு வாசனை வருமே என்று ஒரு யோசனையும் ஓடியது. அங்கே வேட்டைக்காரர்கள் மான் மூத்திரமே வாங்கித் தெளித்துக்கொள்கிறார்களாம். மான்களைக் கொல்லும் ஒரு மூளை நோய் பரவுவதால் சில மாநிலங்களில் அதற்குத் தடை. நான் புல்லோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டே நாளில் அதையும் விட்டேன், தலைவலி எனக்குத்தான்.

இந்தக் கணக்கில் ஏதாவது உருப்படியாகக் கிடைத்தது என்றால் அது எருக்கங்காயிலிருந்துதான். காற்றுத் திசை பார்க்க முதலில் அடுப்புச் சாம்பலைத் தூவிப் பார்த்தேன். பரணுக்குக் கீழே இரண்டு முழம் போனதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஒருநாள் வரப்பில் எருக்கங்காய் வெடித்துக் கிடந்தது. சின்ன வயதில் தாத்தா பூச்சி என்று துரத்துவோமே, அந்தப் பஞ்சு. ஒரு கொத்தைக் கிள்ளி, விதையை உதிர்த்துவிட்டு, பரணிலிருந்து விட்டேன்.

மணி ஆறே கால். உடம்புக்குக் காற்றே தெரியவில்லை, கரும்புத் தோகை அசையவில்லை. ஆனால் பஞ்சு சும்மா நிற்கவில்லை. கீழே இறங்கி, வரப்பு உயரத்துக்கு வந்ததும், யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல ஓடைப் பக்கம் போனது. பள்ளம் வரும் இடத்தில் தயங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, ஓடைக்கரை ஈச்சம் புதரில் உட்கார்ந்தது. மான்கள் ஏறி வருகிற வழி அதேதான். மூன்று வருடமாக என் வாசனை ஒவ்வொரு விடிகாலையும் அந்தப் புதரில் போய்க் காத்திருந்திருக்கிறது.

இதற்குக் காரணம் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. ராத்திரி மலைச்சரிவு குளிரும், குளிர்ந்த காற்று கனத்துத் தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு இறங்கும். எங்கள் பக்கம் அது பாம்பாற்றைப் பார்த்து இறங்குகிறது. வெயில் ஏறிச் சரிவு சூடானதும் காற்று மேலே ஏறும். நடுவில், ஏழரைக்கும் எட்டேகாலுக்கும் இடையில், எந்தப் பக்கமும் போகாமல் தள்ளாடும் நேரம் ஒன்று இருக்கிறது. மோசமான நேரம் அதுதான். பஞ்சு என் முகத்துக்கே திரும்பி வந்து, மறுபடி கீழே போகும். அப்போது மான் எங்கே நின்றாலும் ஒரு மூச்சு வாடை அதற்குக் கிடைத்துவிடும்.

அன்றிலிருந்து நோட்டில் இரண்டே வார்த்தை. காற்று மானிடமிருந்து எனக்கு வந்தால் நல்ல காற்று, என்னிடமிருந்து மானுக்குப் போனால் கெட்ட காற்று. நல்ல காற்றுக்காக ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கள் கீழ் வயலில் தென்னங்கீற்றால் ஒரு மறைப்பும் கட்டினேன். தூரம் தெரிய 30, 50, 70 அடி வைத்து வெள்ளைக் கல் நட்டேன்.

மாசி முடிய 28 நாள் உட்கார்ந்தேன். நல்ல காற்று 13 நாள். அதில் ஏழு நாள் கரிச் சட்டை, ஆறு நாள் சாதாரணப் பருத்திச் சட்டை. மான்கள் ஓடியது இரண்டே தடவை. ஒன்று என் போன் அடித்தது. இன்னொன்று மரத்து மேலிருந்த மந்தி என்னைப் பார்த்துக் கத்தியது. மந்தி கத்தினால் புள்ளிமான் கேள்வி கேட்காது. சட்டை எதுவாக இருந்தாலும் முப்பதடிக் கல்லுக்கு உள்ளேயே மேய்ந்தன. ஒரு பெட்டை, இமை முடியை எண்ணலாம் போல அவ்வளவு கிட்டத்தில் நின்று அசைபோட்டது. அன்று நான் போட்டிருந்தது ஐந்து வருடப் பழைய பனியன்.

கெட்ட காற்றில் கரிச் சட்டையோடு ஆறு நாள், பருத்திச் சட்டையோடு ஐந்து நாள். பருத்தியில் ஐந்தும் போச்சு. கரிச் சட்டையில் ஐந்து போச்சு, ஒருநாள் தப்பியது. அந்த ஒருநாள் பனி கனமாக இருந்தது, மான்களும் ஓரமாகவே போயின, சட்டைக்குப் பெருமை சேர்க்க மனசு வரவில்லை. ஆனால் ஒரு சின்ன வித்தியாசம் உண்மை. பருத்தியில் எழுபதடிக் கல்லிலேயே முன்னங்காலைத் தரையில் தட்டி, வாலைத் தூக்கி, கத்திவிடும். கரிச் சட்டை நாட்களில் பெரும்பாலும் ஐம்பதடிக் கல் வரை வந்தபிறகுதான் தலை தூக்கியது. இருபதடி லாபம். ஒரே கூட்டத்தையே திரும்பத் திரும்பச் சோதித்திருக்கிறேன், அதுகளும் என்னைப் படித்துக்கொண்டுதானே இருந்திருக்கும். இந்த இருபதடியை நான் யாரிடமும் சத்தியம் செய்து சொல்லமாட்டேன்.

மாமா இந்த ஏற்பாட்டையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் கேட்டார்: "மாப்ள, சட்டை வாடையப் புடிச்சுக்கும், செரி. நீ மூச்சு விடறியே, அதை யாரு புடிப்பா?" அக்கா பையன் சொன்னதேதான். தலைமுடி, கழுத்து, கை, வாய் எல்லாம் வெளியே. தோலிலிருந்து செதில் உதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. பரண் ஏணியைப் பிடித்த கைவாடைகூட அங்கேயே நிற்கும்.

இதற்கு நடுவில்தான் நான் திட்டம் போடாத ஒரு சோதனை நடந்தது. தை மாதம் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்கக் கொப்பரைப் பக்கம் நின்றுவிட்டு, குளிக்கக்கூட நேரமில்லாமல், புகையேறிய சட்டையோடு பரணுக்குப் போனேன். பஞ்சு நேராக ஓடைக்குப் போனது. கெட்ட காற்று, தூங்கிவிடலாம் என்று சாய்ந்தேன். கண் விழித்தால் ஐம்பதடிக் கல்லில் நாலு மான். ஒன்று தலை தூக்கி மூக்கை ஆட்டியது, மறுபடி குனிந்துகொண்டது. நம்பமுடியாமல் அதே அழுக்குச் சட்டையோடு இன்னும் மூன்று நாள் உட்கார்ந்தேன். மொத்தம் நாலில் இரண்டு நாள் மேய்ந்தன, இரண்டு நாள் ஓடின. சக்கைப் புகையும் வெல்ல வாசனையும் இந்த மான்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். ஆலை இருக்கிற இடத்தில் ஆள் இருப்பான், ஆனால் அந்த ஆள் கொப்பரையை விட்டு நகரமாட்டான் என்று அதுகளுக்கு ஒரு கணக்கு இருக்கலாம். புகை என் வாடையை மறைத்ததா, இல்லை பழகிய வாடை என்று விட்டுவிட்டதா, நாலு நாளை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஆப்பச் சோடாவில் அலசிய ஆறு நாளைவிட ஆலை அழுக்கு நாலு நாள் எனக்கு நல்ல படம் தந்தது.

கண் விஷயமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மிச்சிகனில் துப்பாக்கி வேட்டைக்காரர்கள் பளீர் ஆரஞ்சு நிறம் போடவேண்டும் என்பது சட்டம். மான் கண்ணுக்கு அந்த ஆரஞ்சு நம்மைப்போல் தெரியாது. நீலம்தான் நன்றாகத் தெரியுமாம். மாமா சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டியோடு பரணுக்கு வருவதை இப்போது நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். கேட்கவில்லை.

கரிச் சட்டை காற்றடக்கமாக, கனமாக, பனிக்கு நன்றாக இருக்கிறது. மாமா ராத்திரிக் காவலுக்கு அதைத்தான் போட்டுக்கொள்கிறார், வேட்டிக்கு மேலே. பன்றி வந்தால் எழுப்பத் தகரம் ஒரு கையில், பீடி இன்னொரு கையில். நேற்று வாங்கி முகர்ந்து பார்த்தேன். கரியில் இன்னும் ஓட்டை மிச்சம் இருந்திருந்தால் அதுவும் இப்போது நிறைந்திருக்கும்.

வரப்பில் எருக்கங்காய் தீர்ந்துவிட்டது. கோவில்கடவுப் பக்கம் ரோட்டோரம் நிறையச் செடி பார்த்தேன். மழைக்கு முன்னால் ஒரு டப்பா நிறையப் பஞ்சு சேர்த்து வைக்கவேண்டும்.