'இருக்கலாம்' என்று சொன்னது

கையில் ஓர் இசிஜி. நெஞ்சில் ஒட்டும் வி1 லீடில் கீழே இறங்கும் எஸ் அலை 14 மில்லிமீட்டர், வி5 லீடில் மேலே எழும் ஆர் அலை 25. கூட்டினால் 39. 35-ஐத் தொட்டாலே இடது கீழறைச் சுவர் தடித்திருக்கலாம் என்பது 1949-இல் வந்த சோகோலோவ்-லயன் கணக்கு. எதிரே இருந்தவருக்கு வயது 22, ஒல்லியான உடம்பு. "ஹார்ட் பெருசா இருக்கா டாக்டர்?" என்று கேட்டார். "இருக்கலாம் தம்பி. எக்கோ, அதாவது ஹார்ட்டுக்கு ஒரு ஸ்கேன், எடுத்துப் பார்த்துடுவோம்" என்றேன்.

தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை. ஆனால் அவர் வெளியே போன பிறகுதான் பி அலையை, அதாவது மேலறைகளின் மின்துடிப்பைக் காட்டும் சின்ன மேட்டை, பார்த்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. இரண்டாம் லீடில் அதன் அகலம் இரண்டு சின்னக் கட்டம். மூன்றைத் தாண்டினால்தானே, தடித்த கீழறையால் இடது மேலறையும் திணறுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். நடுவில் பள்ளமும் இல்லை. வி1-இல் அதன் பின்பாதி ஒரு கட்டம்கூடக் கீழே இறங்கவில்லை. கீழறை திணறினால் மாறக்கூடிய எஸ்டி கோடு வி5, வி6-இல் சரியாக இருந்தது, அதை அடுத்து வரும் டி அலையும் தலைகீழாகவில்லை. அலை உயரம், அவ்வளவுதான். ஒல்லியான இளவயதுக்காரர்களுக்கு நெஞ்சுச் சுவர் மெல்லியது, அலை உயரமாகத்தான் விழும். இது எனக்குத் தெரியாததா?

பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டோடு வந்தார். எல்லாம் நார்மல். "அப்போ அந்தக் கோடு பொய்யா டாக்டர்?" அந்தக் கோடு மின்னழுத்தத்தைத்தான் காட்டும், சுவரின் கனத்தை நேராக அளக்காது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. ராத்திரி இடது பக்கம் திரும்பிப் படுக்கவே பயந்தேன்" என்றார்.

சொல்லியிருக்கலாம். ஆனால் சின்ன வயதிலேயே இதயத் தசை தடிக்கும் நோய் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தவர்கள் உண்டு. எக்கோ எழுதியதில் எனக்கு வருத்தமில்லை. 'பெருசு' என்ற சொல்லை அப்படியே விட்டேனே, அதுதான். அறை விரிவது வேறு, சுவர் தடிப்பது வேறு. அவர் எதை நினைத்துக் கேட்டார் என்றுகூட நான் விசாரிக்கவில்லை. சரி, விசாரித்திருந்தாலும் பயந்திருப்பார் என்று ஒரு சமயம் தோன்றும். அப்புறம் அந்த இடது பக்கம் ஞாபகம் வரும்.

இப்போதெல்லாம் பி அலையைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். போன வாரம் 24 வயதுக்காரர் ஒருவருக்கு 38 வந்தது. "உங்க வயசுல இது சகஜம்தான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எக்கோவுக்கும் எழுதிக் கொடுத்தேன். சிரித்த முகத்தோடு போனார். எக்கோ எடுக்க இன்னும் வரவில்லை.