எட்டு மாத அசிஸ்டன்ட் கோச்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் பாஸ்கட்பாலில் வேலைக்குச் சேர்வது எப்படி என்று ஊரிலிருந்து யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் மாநில அளவில் ஆடிவிட்டு, அடுத்து என்ன என்று நிற்கும் பெண்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எனக்கு நடந்ததை மொத்தமாக எழுதிவிடுகிறேன். பல்கலைக்கழகங்களின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

2017-ல் சென்னையில் டிகிரி முடித்த கையோடு, ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் எம்.எஸ். படிக்க விண்ணப்பித்தேன். கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் 1-ல் மட்டும் 350-க்கும் மேற்பட்ட பெண்கள் பாஸ்கட்பால் அணிகள் இருக்கின்றன. அதில் அறுபது அணிகளின் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வந்தது மூன்று. இரண்டு ‘வாழ்த்துகள்’. மூன்றாவது, வந்தால் கிராஜுவேட் மேனேஜராக வைத்துக்கொள்கிறோம், கட்டணத்தில் கொஞ்சம் குறையும் என்றது. எங்கே படிக்கிறேன் என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானித்தது.

மேனேஜர் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், எடுபிடி வேலை. ஜெர்ஸி துவைப்பது, கேமரா பிடிப்பது, டைம்-அவுட்டில் ஆட்டக்காரிகள் உட்கார ஸ்டூல் கொண்டுவந்து போடுவது. திருச்சியில் அம்மா விடிகாலை ஐந்தரை மணிக்கு எழுந்து போனில் நேரலை பார்ப்பார். “உன்னப் பாத்தேன்டி, நாற்காலி போட்டுட்டு இருந்தே” என்பார். அவருக்கு அது போதும்.

இன்னொரு வேலை, பையன்களைத் தேடுவது. இங்கே பெண்கள் அணி பயிற்சியில் எதிராளியாக ஆடுவது பெரும்பாலும் ஆண் மாணவர்கள்தான். உயரமும் வேகமும் உள்ளவர்களாக, அதே சமயம் அடிவாங்கினாலும் கோபப்படாதவர்களாக வேண்டும். மாலையில் கேம்பஸ் ஜிம்மில் போய் நின்று, சும்மா சேர்ந்து ‘பிக்-அப்’ ஆடும் கும்பலில் பாஸ் கொடுக்கத் தெரிந்தவனைப் பார்த்துக் கூப்பிடுவேன். அவன் முழுநேர மாணவன்தானா என்று பார்த்து, படிவங்கள் வாங்கிக் கொடுத்தால்தான் மைதானத்தில் இறக்கலாம். ஆள் பார்க்கும் கண் எனக்கு வந்தது அங்கேதான்.

விசா விஷயத்தை முதலிலேயே யோசித்துவிடுங்கள், நான் யோசிக்கவில்லை. என் படிப்பு ‘ஸ்டெம்’ எனப்படும் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளின் பட்டியலில் இல்லை, அதனால் படிப்பு முடிந்தபின் வேலை பார்க்கும் அனுமதி (ஓ.பி.டி.) 12 மாதம்தான். அதிலும் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. 2019-ல் வேறொரு பல்கலைக்கழகத்தில் வீடியோ கோ-ஆர்டினேட்டர் வேலை கிடைத்தபோது பாதி உயிர் திரும்பியது. அடுத்த மார்ச் 12-ம் தேதி கொரோனாவால் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.-வின் டோர்னமென்ட்டே ரத்து; மீதிப் பாதியும் போய்விடும் என்று பயந்தேன். நல்லவேளை, பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி வேலை விசாவில் லாட்டரி கிடையாது. ஐ.டி. நண்பர்கள் குலுக்கலுக்குக் காத்திருந்த வருடத்தில் எனக்குச் சத்தமில்லாமல் கிடைத்தது.

வீடியோ ரூமில் நான்கு வருடம். எதிரணி ஆட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி, பெயர் போட்டு, அடுக்கி வைப்பேன். ஆனால் அந்தப் பதவியில் இருப்பவர் ஆட்டக்காரிகளுக்கு நுணுக்கம் சொல்லித்தரக் கூடாது என்று விதி. ஒரு பெண்ணின் கால் தப்பாகத் திரும்புவது எனக்குத் தெரியும். நான் அசிஸ்டன்ட் கோச்சிடம் சொல்ல, அவர் அவளிடம் சொல்வார். மாமியார், மருமகள், நடுவில் மகன் மாதிரி ஒரு ஏற்பாடு.

2023 ஜூலை 1 முதல் விதி மாறியது. ஒவ்வொரு டிவிஷன் 1 பாஸ்கட்பால் அணியும் கூடுதலாக இரண்டு பயிற்சியாளர்களை வைத்துக்கொள்ளலாம். அவர்கள் மைதானத்தில் சொல்லித்தரலாம், ஆனால் அணிக்குப் புது ஆட்டக்காரிகளை எடுக்க வெளியூர் போகக் கூடாது. அதில் ஒரு இடம் எனக்கு. கதவில் ‘அசிஸ்டன்ட் கோச்’ என்று பெயர்ப்பலகை. சம்பளம் அதிகம் மாறவில்லை.

அந்த சீசனில் நான் பார்த்துக்கொண்ட ஸ்கவுட் ஆறு ஆட்டங்கள். ஸ்கவுட் என்றால் எதிரணியை உளவு பார்த்து அறிக்கை எழுதுவது. ஒரு ஆட்டத்துக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் படம் ஓடும். அறிக்கையைப் பக்கம் பக்கமாக எழுதினால் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்று சீக்கிரமே தெரிந்தது. ஆளுக்கு மூன்று வரி, அவ்வளவுதான். ஜனவரியில் ஒரு அணியின் பாயின்ட் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவளை, பற்றி எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: “வேகம். வலது பக்கம் விடாதே. இடது கை பொய்.” இடப்பக்கம் தள்ளினால் இரண்டு டிரிபிளில் நின்றுவிடுவாள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவர்கள் ஹெட் கோச் காலரைத் தொட்டால் மூலையில் நிற்கும் ஷூட்டருக்கு ஒரு பேக்-ஸ்கிரீன் வரும்; அவளைக் காப்பவளைப் பின்னாலிருந்து ஒருத்தி மறித்து நிற்பாள். நான்காவது குவார்ட்டரில் அவர் காலரைத் தொட்டார். பெஞ்சிலிருந்து கத்தினேன். எங்கள் பெண் முன்கூட்டியே ஓடிப்போய் பந்தைப் பறித்தாள். வர்ணனையில் அவளுடைய உள்ளுணர்வைப் பாராட்டினார்கள். பாராட்டட்டும், ஓடியது அவள்தானே.

சீசன் முழுக்க அப்படி அமையவில்லை. மார்ச் மாதம் எங்கள் ஹெட் கோச்சை அனுப்பிவிட்டார்கள். ஹெட் கோச் போனால் அசிஸ்டன்டுகளும் மூட்டை கட்ட வேண்டியதுதான். புதிதாக வருபவர் தன் ஆட்களோடு வருவார். யாரையும் தப்பு சொல்ல முடியாது, இந்தத் தொழிலின் வழக்கம் அது. சம்பளம் ஏப்ரல் 30 வரை. அதற்குப் பிறகு எச்-1பி-யில் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை அமைந்து புது விசா மனு போயாக வேண்டும், இல்லையென்றால் திருச்சி.

பெண்கள் பாஸ்கட்பால் பயிற்சியாளர் சங்கத்தின் மாநாடு ஒவ்வொரு வருடமும், டோர்னமென்ட்டின் கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர் நடக்கும் ஊரிலேயே நடக்கும். 2024-ல் கிளீவ்லேண்ட். மாநாடு என்று பெயர், உண்மையில் வேலைச் சந்தை. அரங்கத்தில் கருத்தரங்கு நடக்கும், வேலை ஹோட்டல் லாபியில் கிடைக்கும். கையில் ரெஸ்யூமே நீட்டுபவரைப் பார்த்தாலே புதுசு என்று தெரிந்துவிடும். தெரிந்தவரோடு காபி குடிக்க வேண்டும், அவர் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். ஏப்ரல் 8 அன்று அந்த ஊரில் முழுச் சூரிய கிரகணம் வேறு. அறைகளெல்லாம் நிரம்பிவிட்டன, ஊருக்கு வெளியே ஒரு அறையில் நான்கு பேர் படுத்தோம். நால்வருக்கும் வேலை இல்லை.

ஞாயிறு இறுதி ஆட்டம். அயோவாவின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்கின் கடைசிக் கல்லூரி ஆட்டம். சவுத் கரோலினா அயோவாவை 87-75 என்று வென்று, ஒரு தோல்விகூட இல்லாமல் சீசனை முடித்தது. 1.8 கோடிக்கும் மேற்பட்டோர் டீவியில் பார்த்த ஆட்டம். அதே ஊரில் இருந்துகொண்டு நானும் லாபி டீவியில்தான் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஜனவரியில் நாங்கள் ஆடிய அந்தக் காலர் அணியின் அசிஸ்டன்ட். “எங்கள் சைகையைக் கண்டுபிடித்தது யார்?” என்று கேட்டார். நான்தான் என்றேன். மறுநாள் மதியம் காகிதக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கும்போது அவரிடமிருந்து மெசேஜ்: வேறொரு மாநிலத்தில் ஹெட் கோச்சாகப் போகும் தன் தோழி ஒருவர் ஆள் தேடுகிறார்.

இன்டர்வியூவில் அவர்கள் தோற்ற ஒரு ஆட்டத்தின் இருபது நிமிடத்தைப் போட்டுக் காட்டி, என்ன பார்க்கிறாய் என்றார்கள். ‘டிரான்சிஷனில் யாரும் பேசவில்லை’ என்றேன்; பந்து கைமாறித் தாக்குதலும் தற்காப்பும் மாறும் நேரம் அது. அதையே ஒரு மணி நேரம் பேசினோம். ஜூன் முதல் வாரத்தில் மனு போனது.

புது வேலையில் ஆள் எடுக்க வெளியே போகலாம். ஜூலையில் ஒரு கண்காட்சி அரங்கில் எட்டு கோர்ட், எட்டிலும் பள்ளிப் பெண்களின் ஆட்டம். பல்கலைக்கழக டி-ஷர்ட்டில் வரிசையாகக் கோச்சுகள். பார்க்கலாம், பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ பேசக் கூடாது என்று விதி. ஒரு ஆட்டக்காரியின் அம்மா சிரித்துக்கொண்டே அருகில் வந்தார். தலையை மட்டும் அசைத்துவிட்டு போனைப் பார்த்தபடி நகர்ந்தேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார். அவருடைய மகளின் பெயருக்கு நேரே எழுதி வைத்தேன்: இடது கை நிஜம்.